பனியன் போட்ட காக்கா

இருக்கட்டுமுங்க தம்பி, இந்தச் சோத்துக் கேரியர மடியிலயே வெச்சுக்கறேன். கீழ வைக்கக் கூடாது, படையல் சாப்பாடு. மேல கம்பியில வெச்சா கொழம்பு சாஞ்சு போயிரும். நீங்க தாராளமா உக்காருங்க. அந்த ஜன்னல மட்டும் தெறந்து வெச்சுக்குங்க, சித்தெ காத்து வரட்டும்.

எங்க எறங்கறீங்க தம்பி? கோயமுத்தூருங்களா. சரி. நான் அவிநாசியில எறங்கிருவேன், என்ற தங்கச்சி வீடு. ஈரோட்டுல மஞ்ச மண்டி சென்னியப்பன்னு கேட்டீங்கன்னா யாரும் சொல்லுவாங்க, அது நான்தான். இன்னைக்கு மகாளய அமாவாசை இல்லீங்களா? போன வருசம் இதே அமாவாசையிலதான் எங்க மாப்பிள்ளை தவறிப் போனாரு. தங்கச்சி வீட்டுக்காரரு. ஆனா பாருங்க, தங்கச்சி என்னையக் கூப்பிடல. நானாத்தான் போறேன்.

ஏன் கூப்பிடலைன்னா, அது ஒரு கொடுமைங்க. ஆடி அமாவாசைக்குப் போயிருந்தேன். வாழையெலை போட்டு, வடை பாயசமெல்லாம் செஞ்சு, மாப்பிள்ளை போட்டோவுக்கு மாலை போட்டு, எல்லாம் முறையாத்தான் வெச்சிருந்தா. மொட்டை மாடியில காக்காயக் கூப்பிட்டு வெச்சுட்டு வந்தர்றேன், கொஞ்சம் சோறு எடு பூங்கோதைன்னு கேக்கறேன். இவ அந்தப் போட்டோவுக்கு முன்னால சம்மணம் போட்டு உக்காந்து, சோத்தப் பெசஞ்சு, மொத வாய் அவ சாப்பிடறா! காக்காய்க்கு வைக்கல, ஒண்ணும் வைக்கல. என்னையப் பாத்து, "உக்காருண்ணா, நேரமாச்சு, சாப்பிடு"ங்கறா. எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுதுங்க. செத்தவங்களுக்கு வைக்கறதுக்கு முன்னால இருக்கறவங்க சாப்பிடறதா? நீங்களே சொல்லுங்க. கை நனைக்காம வந்துட்டேன். அன்னையில இருந்து அவ போன் எடுக்கறதில்ல.

அதான், எங்க வீட்லயே ஆக்கி எடுத்துட்டுப் போறேன். என்னையப் பெத்த அய்யனுக்கும் மாப்பிள்ளைக்கும் சேத்து அவ வீட்டு மாடியில நானே வெச்சுருவேன். அவ பேசாட்டிப் போறா. அய்யன் போனப்பறம் ஒரே ஒரு அமாவாசை நான் விட்டேனுங்க. அந்த வருசந்தான் தோட்டத்துப் போர் வத்துச்சு, மண்டியில மஞ்சளெல்லாம் புழுத்துப் போச்சு. பட்டவனுக்குத்தான் தெரியும்.

எப்படித் தவறுனாருங்களா? இங்கன்னாப் பரவால்லீங்களே. ஆப்பிரிக்காவுல. நமீபியான்னு ஒரு தேசம், கேள்விப்பட்டிருக்கீங்களா? நானும் கேள்விப்பட்டதில்ல. பூங்கோதை மக மிதுனா அங்க வேலைக்குப் போனப்பறந்தான் தெரியும். பாறை, மண்ணு இதையெல்லாம் ஆராய்ச்சி பண்ற வேலை. முப்பது வயசாச்சு, கல்யாணம் பண்ணுடின்னா கல்லப் பொறுக்கிட்டுத் திரியறா. அத விடுங்க.

மாப்பிள்ளை பேரு தெய்வசிகாமணி. ஸ்கூல்ல பூகோளம் எடுத்து, ஹெட்மாஸ்டராகி, ரிட்டையர் ஆனவரு. காலமெல்லாம் போர்டுல கலஹாரி பாலைவனம், நமீப் பாலைவனம்னு சாக்பீஸ்ல வரைஞ்சு காமிச்சவரு, ஒரு பாலைவனத்தக் கண்ணால பாத்ததில்ல. மக கூப்பிட்டதும் மனுசன் சின்னப் பையனாயிட்டாரு. அவங்க ரெண்டு பேரு மட்டும் போறதாத்தான் இருந்துச்சு. நான்தான், நானும் வாறேன்னேன். எங்க வீட்டுக்காரிக்கு முட்டி வலி, அவ வர்ல. கண்காணாத தேசத்துக்குப் போறாங்க, பெரியவங்க ஒருத்தர் கூட இருக்க வேண்டாமுங்களா?

தங்கமான மனுசருங்க. பள்ளிக்கூடத்துல எப்படியோ, வீட்ல வாயே தெறக்க மாட்டாரு. "மச்சான் சொன்னாச் சரிதான்" அப்படிம்பாரு, எதுக்கு எடுத்தாலும். என்ற தங்கச்சியக் கட்டுன நாள்ல இருந்து எம்பேச்ச ஒரு நாள் தட்டுனதில்ல. அப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கெடைக்கும்? சர்க்கரை மட்டும் இருந்துச்சு. காலையில வயித்துல ஊசி போட்டுக்குவாரு. எனக்கும் இப்ப அதேதானுங்க. சித்திரையில இருந்து ஊசி. இன்னைக்குக் கூட மருமகதான் போட்டு உட்டா. "ஊசி போட்டாச்சு மாமா, ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டுப் போங்க"ன்னு பின்னாலயே வந்தா. அமாவாசையும் அதுவுமா, படையல் வைக்காம இட்லியாம்! இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு என்னதான் சொல்றது.

எங்க உட்டேன்? ஆங். போய் எறங்குனோம். மிதுனா பெரிய வண்டி ஒண்ணு வாடகைக்கு எடுத்திருந்தா. பின்னால அடுப்பு, பாத்திரம், தண்ணி கேனு. அவதான் ஓட்டறா. ரோடுன்னா அது ரோடுங்க தம்பி, கோடு போட்டாப்பல நேரா. ஆளே கெடையாது. ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவுல ஒரு டீக்கடை, ஒரு கோயில், ஒரு மாட்டு வண்டி? ஒண்ணும் கெடையாது. ஊருன்னு வந்தா ஒரு பெட்ரோல் பங்கு, ஒரு சர்ச்சு, நாலு வீடு. அந்த வீடுகள்லயும் ஜன்னலெல்லாம் சாத்தியே கெடக்கும்.

அப்படி ஒரு ஊர்லதானுங்க மொதல்ல பாத்தேன். பங்குல டீசல் போட நின்னோம். கொரல் மட்டும் கேக்குது, காக்கா கொரலு. எனக்குச் சந்தோசமாப் போச்சு. இங்கயும் காக்கா இருக்குது, அமாவாசைக்குக் கவலையில்லைன்னு திரும்பிப் பாக்கறேன். வெளக்குக் கம்பத்து மேல உக்காந்திருக்குது. ஒடம்பெல்லாம் கறுப்பு, நெஞ்சும் கழுத்தும் மட்டும் சுண்ணாம்பு அடிச்சாப்பல வெள்ளை. முண்டா பனியன் போட்ட மாதிரி. அது என்னையவே பாக்குது.

"இது என்ன மாப்ளை, காக்காயா, கழுகா?"ன்னேன்.

"காக்காதான் மச்சான். இந்த ஊருக் காக்கா இப்படித்தான் இருக்கும்" அப்படின்னாரு.

எனக்குப் புடிக்கவே இல்லீங்க. அதுக்கப்பறம் போற எடமெல்லாம் அது இருந்துச்சு. வேலிக் கம்பத்துல, தண்ணி டேங்க் மேல, செத்துக் கெடந்த மான் மேல. வண்டி தாண்டிப் போறப்பத் தலைய மட்டும் திருப்பும்.

கடலோரம் ஒரு ஊரைக் காமிச்சா மிதுனா. அந்தக் காலத்துல வைரம் தோண்டறதுக்காக வெள்ளைக்காரங்க கட்டுன ஊராம். வைரம் தீந்ததும் அப்படியே உட்டுட்டுப் போயிட்டாங்க. வீட்டுக்குள்ள எல்லாம் மணலுங்க தம்பி. கதவு பாதி தெறந்து, மணல்ல மாட்டிக்கிட்டு நிக்குது. மாப்பிள்ளை ஒரு வீட்டுச் சமையக்கட்டுல முட்டிக்கால் வரைக்கும் மணல்ல நின்னுட்டு, செவுத்தயே பாத்துட்டிருந்தாரு. அப்பறம் கேட்டாரு, "மச்சான், இங்க இருந்தவங்க கடைசியா ஒரு வேளை சாப்பிட்டுட்டுப் போயிருப்பாங்களா, இல்ல பசியோடவே போயிருப்பாங்களா?" என்ன கேள்விங்க அது? வாங்க மாப்ளை போலாம்னு கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன்.

ஏன் பஸ்ஸு நின்னுருச்சு? பெருமாநல்லூரே இன்னும் வர்லையே. பாலம் வேலையா? இவங்க பாலம் கட்டி முடிக்கறதுக்குள்ள அமாவாசை முடிஞ்சு போயிருமாட்ட இருக்குது. என்னமோ கொட்டாவி கொட்டாவியா வருது பாருங்க. காலையில வெள்ளனே எந்திரிச்சது.

அப்பறம் வடக்க போனோம். மிருகமெல்லாம் இருக்கற சரணாலயம். பேரு என்ற வாயில நொழையாது. வாசல்லயே ஒரு போர்டு, சிங்கம் படம் போட்டு. வண்டிய உட்டு எறங்கக் கூடாது, கதவு தெறக்கக் கூடாது. மிதுனா வேற திருப்பித் திருப்பிச் சொல்றா, "மாமா, கம்பி வேலி போட்ட எடத்துல மட்டுந்தான் எறங்கணும். மத்தபடி என்ன ஆனாலும் உள்ளயே இருக்கணும்." அப்பறம் இன்னொண்ணு சொன்னா, "அப்பாவுக்கு ஊசி போட்டா ஒடனே சாப்பாடு வேணும். நேரம் தப்பக் கூடாது." அவரு எத்தன வருசமா சர்க்கரைக்காரரு. இவ கல்லு மண்ணு படிச்சவ, இவளுக்கு என்ன தெரியும்?

ராத்திரி வேலிக்குள்ள கூடாரத்துல தங்குனோம். விடிஞ்சா அமாவாசை. நான் பச்சைத் தண்ணியில தலைக்குக் குளிச்சேன். பூங்கோதை அந்தச் சின்ன அடுப்புலயே சோறு, பருப்பு, பூசணிக்காப் பொரியல், அப்பளம், எல்லாம் பண்ணிட்டா. ஈரோட்டுல இருந்தே பாக்குமட்டைத் தட்டு எடுத்துட்டுப் போயிருந்தேன். சூடம் காட்டியாச்சு. மாப்பிள்ளை ஊசியப் போட்டுட்டு வந்து பக்கத்துல நின்னாரு, படையல் வெச்சதும் சாப்பிடலாம்னு. நான் தட்டுல எல்லாம் வெச்சு, ஒரு கல்லு மேல கொண்டுபோய் வெச்சு, கா கா கான்னு கூப்பிட்டேன்.

ஒடனே வந்துச்சுங்க. எது? அந்தப் பனியன் போட்டதுதான்.

ரெண்டு எட்டு வெச்சு, தட்டுகிட்ட வந்து, தலையச் சாச்சுப் பாக்குது. நான் துண்டெடுத்து வெரட்டி உட்டேன். பின்ன என்னங்க? எங்கய்யன் வந்தா நம்ம காக்காயா, சுத்தமாக் கறுப்பா வரமாட்டாரா? அந்த தேசத்துலயும் முழுக் கறுப்புக் காக்கா இருக்குது. வழியில ஒரு எடத்துல எங்கண்ணால பாத்தேன்.

மாப்பிள்ளை சிரிச்சுட்டுச் சொன்னாரு, "மச்சான், மாமா எப்பவும் வெள்ளைக் கதர் சட்டைதானுங்களே போடுவாரு? அவருதான் வந்தாரோ என்னமோ." மாமான்னது எங்கய்யனத்தான். எனக்குக் கோவம் வந்துருச்சு. பித்ரு காரியத்துல கிண்டலு என்ன வேண்டிக் கெடக்குதுன்னேன். அவரு மொகம் சுருங்கிப் போச்சு. "மச்சான் சொன்னாச் சரிதான்" அப்படின்னாரு.

அப்பறம் ஒண்ணும் வர்ல. வாழைப்பழத்தாட்டம் மூக்கு வெச்ச ஒரு பறவை வந்துச்சு, வெரட்டுனேன். நரியாட்டம் ஒண்ணு வேலியோரமா வந்து மோந்து பாத்துச்சு, கல்லெடுத்து வீசுனேன். கூடாரத்தக் காலி பண்ற நேரமாச்சுன்னு மிதுனா பரபரக்கறா. "மாமா, அப்பா சாப்பிடட்டும்"னா. நான் சொன்னேன், "கண்ணு, போற வழியில கண்டிப்பா ஒரு காக்கா இருக்கும். வெச்சுட்டு எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம். உங்க தாத்தனுக்கு இல்லாத சோறு நமக்கு எதுக்கு?" அவ அவங்கப்பனப் பாத்தா. அவரு, "போலாம் அம்முணி, பசியில்ல"ன்னு சொல்லிட்டு வண்டியில ஏறிட்டாரு. அவராத்தான் சொன்னாரு. பசியில்லைன்னு. அவரு வாயால. இத நீங்க நல்லா ஞாபகம் வெச்சுக்கணும்.

போறோம் போறோம், போயிட்டே இருக்கறோம். ஒரு பக்கம் முள்ளுக் காடு, ஒரு பக்கம் உப்புப் பூத்த வெளி. வெள்ளை வெளேர்னு, பாத்தாக் கண்ணு கூசுது. யானை நிக்குது, வரிக்குதிரை நிக்குது, நான் எதையும் பாக்கல, மரத்து உச்சிய மட்டுந்தான் பாத்துட்டு வாறேன். பூங்கோதை பைக்குள்ள கைய உட்டு, சத்தமில்லாம ஒரு பிஸ்கட்ட எடுத்து அவருகிட்ட நீட்டுனா. கண்ணாடியில நான் பாத்துட்டேன். ஒண்ணும் சொல்லலீங்க தம்பி. பாத்தேன், அவ்வளவுதான். அவரும் என்னையப் பாத்தாரு. பிஸ்கட்டத் திருப்பிப் பைக்குள்ள போட்டுட்டாரு.

கொஞ்ச தூரம் போனதும், "இது என்ன ஊரு மச்சான்?"னாரு. ஊரு ஏது, இது காடு மாப்ளைன்னேன். திரும்ப, "இது என்ன ஊரு மச்சான்?" வேணும்னே வம்பு பண்றாருன்னு நான் பதில் சொல்லல. நெத்தியெல்லாம் முத்து முத்தா வேர்வை. வண்டிக்குள்ள ஏசி ஓடுது, இவருக்கு வேர்க்குது. சும்மாவே சிரிக்கறாரு. காலையில திட்டுனதுக்கு என்னையக் கிண்டல் பண்றாருன்னு நெனச்சேன். பின்ன, யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பாங்க.

ஒரு எடத்துல வேலி போட்டு, உள்ள கக்கூஸ் கட்டி வெச்சிருந்தாங்க. வண்டி போற கேட்டு மட்டும் ஒண்ணு, தெறந்தே கெடந்துச்சு. மிதுனா வண்டிய உள்ள நிறுத்திட்டு, "சிங்கம் இருக்குதான்னு பாத்துட்டு வாறேன், அம்மா எங்கூட வா"ன்னு பூங்கோதையக் கூட்டிட்டுப் போனா. "மாமா, வந்ததும் அப்பாவுக்குச் சாப்பாடு போட்டே ஆகணும், காக்கா வந்தாலும் சரி வராட்டியும் சரி"ன்னா. அந்த மாதிரி எங்கிட்ட யாரும் பேசுனதில்ல. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

அப்பத்தான் பாத்தேன். வேலிக்கு வெளிய, பட்டுப் போன மரத்துல ஒரு காக்கா. எட்ட இருந்துச்சு, வெயிலுக்கு எதுக்க, முழுக் கறுப்பாத்தான் தெரிஞ்சுது. "மாப்ளை, காக்கா!"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். போங்கன்னு நான் சொல்லல. தட்டு என்ற மடியில இருந்துச்சு, அவரு கையில குடுத்தேன். குடுத்தேன்னா, அவரு கைய நீட்டுனாரு, குடுத்தேன். அவரு பக்கத்துக் கதவுதான் கேட்டுக்குக் கிட்ட. தட்ட வாங்கிட்டு அவரு சொன்னாரு, "சித்தெ இருங்க மச்சான். வெச்சுட்டு வந்தர்றேன். அது சாப்பிட்டதும் நாம எல்லாரும் சாப்பிடலாம்."

தட்டு ஆடுது, கையி நடுங்குது. ஆனா ஒரு பருக்கை சிந்தலீங்க. அந்தப் பக்குவம் யாருக்கு வரும்?

கேட்டத் தாண்டிப் போனாரு. வேலியோரமா வைப்பாருன்னு பாத்தா, நடந்துட்டே இருக்கறாரு. மரத்துக்கிட்ட போயி வைப்பாரோன்னு பாத்தேன். மரத்தையும் தாண்டிட்டாரு. காக்கா எந்திரிச்சு அடுத்த மரத்துக்குப் போச்சு, அவரும் போறாரு. நல்ல எடமாப் பாக்கறாருன்னு நெனச்சேன். நான் பாத்துட்டேதான் இருந்தேன் தம்பி, கண்ண எடுக்கல. முள்ளுக்கு அந்தப் பக்கம் போற வரைக்கும் பாத்துட்டேதான் இருந்தேன்.

வேர்க்குதுங்களே. ஜன்னல் தெறந்துதானே இருக்குது? எங்க எறங்கறீங்க தம்பி? கோயமுத்தூருங்களா. நல்லது நல்லது. நான் அவிநாசி.

என்ன கேட்டீங்க? ஆமா, அவங்க திரும்பி வந்தாங்க. "அப்பா எங்க மாமா?"னா. காக்காய்க்கு வைக்கப் போயிருக்கறாரு, இப்ப வந்துருவாருன்னேன். அந்தப் புள்ளை மொகத்த நான் இப்பவும் கண்ண மூடுனாப் பாக்கறேன். வண்டிய எடுத்தா பாருங்க, முள்ளு மேலயே உட்டா. ஆரன் மேல கைய வெச்சு அமுத்துனவ எடுக்கவே இல்ல. பூங்கோதை ஜன்னல எறக்கிட்டு "ஏனுங்க, ஏனுங்க"ன்னு கத்தறா. அவ அவரைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல, அப்பவும் கூப்பிடல. ஏனுங்க, ஏனுங்க.

கண்டுபுடிச்சோம். ஒரு முள்ளு மரத்தடியில ஒருக்களிச்சுப் படுத்திருந்தாரு, தூங்கறாப்பல. பக்கத்துல ஒரு கல்லு மேல தட்டு. நேரா, அழகா வெச்சிருந்தாரு. அந்தக் காக்கா தட்டுல உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்குது. கிட்டப் போனப்பறந்தான் தெரிஞ்சுது, அது பனியன் போட்டது.

ரெண்டு சிங்கம். பொட்டைச் சிங்கம். சித்தெ தள்ளி நெழல்ல படுத்துட்டு அவரப் பாத்துட்டு இருக்குதுக. அவசரமில்லாமப் பாக்குதுக. மிதுனா வண்டியக் கொண்டுபோய் அதுகளுக்கும் அவருக்கும் நடுவுல குறுக்க நிறுத்துனா. கதவத் தெறந்து குதிச்சுட்டா. பூங்கோதையும் எறங்கிட்டா. "அண்ணா, வந்து காலப் புடிண்ணா, தூக்கோணும்"ங்கறா. போர்டுல என்ன போட்டிருக்குது? கதவத் தெறக்கக் கூடாது, எறங்கக் கூடாது. மிதுனாவே எத்தனவாட்டி சொன்னா? சட்டம்னா எல்லாருக்கும் சட்டந்தானே? நான் உள்ள இருந்து கதவப் புடிச்சுட்டிருந்தேன், காத்துல சாத்திக்கக் கூடாதுன்னு. ரெண்டு பொம்பளைகளே இழுத்து உள்ள போட்டாங்க.

அவரு வாயில மிதுனா சர்க்கரைய வெச்சா. உள்ள போகல, கடைவாய்ல வழிஞ்சுது. மூச்சு இருந்துச்சு, அப்ப. ஆஸ்பத்திரி இருந்த ஊரு எங்கயோ இருந்துச்சு.

வண்டி எடுக்கறதுக்கு முன்னால மிதுனா ஒரே ஒரு தடவை என்னையத் திரும்பிப் பாத்துச் சொன்னா, "காக்கா சாப்பிட்டுருச்சு மாமா. இனி நீங்க சாப்பிடலாம்." அந்த நேரத்துலயும் பெரியவங்களுக்கு மரியாதை உடல பாருங்க. என்ன இருந்தாலும் நம்ம வளப்பு. அதுக்கப்பறம் அவ எங்கிட்டப் பேசுனதில்ல. ஏன்னு தெரியல. இன்னைக்கு வரைக்கும் தெரியல.

வழியிலயே முடிஞ்சுருச்சு. டாக்டர் சொன்னதக் கேட்டீங்கன்னாச் சிரிப்பீங்க. சர்க்கரை கொறைஞ்சு போச்சாம்! சர்க்கரைக்காரருக்கு சர்க்கரை கொறைஞ்சா நல்லதுதானுங்களே? சாப்பாட்டக் கொறை, சாப்பாட்டக் கொறைன்னு இங்க எல்லா டாக்டரும் அதத்தான சொல்றாங்க? வெயிலுதான் தம்பி. எனக்குத் தெரியும். வெயிலும், அந்தக் கெட்ட காக்காயும். அவரு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மச்சான், எனக்கு ஆகல, சாப்பிடணும்னு ஒரு வார்த்தை. நான் என்ன வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?

சொல்லியிருப்பேனா?

எனக்கு அவர ரொம்பப் புடிக்குமுங்க. என்ற கூடப் பொறந்தவன் கூட என்னைய அப்படி மதிச்சதில்ல. சாயங்காலமானா அவரு பேச்சு காதுக்குள்ள கேக்குது. இது என்ன ஊரு மச்சான்னு கேக்கறாரு. அன்னைக்கு ஒரு ஊருப் பேரச் சொல்லியிருக்கலாம். ஏதோ ஒரு ஊரு.

நகருதா வண்டி? நகருதுங்களா? எனக்கு மங்கலாத் தெரியுது, வெயிலு கூசுது. வெள்ளையா இருக்குது வெளிய. இது என்ன ஊரு தம்பி? கையி என்னமோ நடுங்குது. கேரியரப் புடிச்சு புடிச்சு மரத்துப் போச்சாட்ட இருக்குது. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. பூங்கோதை வண்டி ஓட்டறப்ப இப்படித்தான் குலுங்கும். பூங்கோதையா? இல்ல, மிதுனா. மிதுனாதான ஓட்டறா.

எங்க எறங்கறீங்க தம்பி?

கேட்டேனா? எப்பக் கேட்டேன்? என்னையப் பாத்து ஏன் அப்படி முழிக்கறீங்க? மிட்டாயா? வேண்டாமுங்க, உள்ள வைங்க. நீங்க என்ன, இவ்வளவு நேரம் நான் சொன்னது எதையும் காதுல வாங்கலையா? காக்காய்க்கு வைக்காம வாயில எதையும் போடக் கூடாது. பசியா? எனக்கு ஏது பசி? எனக்குப் பசியில்ல.

அட, அங்க பாருங்க. அந்தக் கம்பத்து மேல. உக்காந்திருக்குது பாருங்க, என்னையவே பாத்துட்டு. பனியன் போட்டிருக்குது. இல்லைங்கறீங்க? நல்லாப் பாருங்க தம்பி. நம்ம பக்கம் அந்தக் காக்கா கெடையவே கெடையாதுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க, நான் விசாரிச்சுட்டேன். எப்படி வந்துச்சு பாத்தீங்களா? இத்தனை தூரம்? இந்தத் தடவை நான் வெரட்ட மாட்டேன்.

கண்டக்டர், நிறுத்துங்க. இங்கயே எறங்கிக்கறேன். அட, கைய உடுங்க தம்பி. கேரியரு சாயுது, ஒரு பருக்கை சிந்தக் கூடாது. சித்தெ இருங்க. வெச்சுட்டு வந்தர்றேன். அது சாப்பிட்டதும் நாம எல்லாரும் சாப்பிடலாம்.